கழுகுக்கரட்டுக்கு நேரமில்லை

"அஞ்சு நிமிசம் பேசுனாரு. அதுல எங்க கரட்டுப் பேரு ஒருவாட்டி கூட வரல. எங்கயோ இருக்கிற பனிமலை பேரு மட்டும் மூணுவாட்டி வந்துச்சு. நான் எண்ணிப் பாத்தேன்."

சரி, சொல்லிவிட்டாய். மண்டையில் பதினாலு தையலோடு படுத்திருக்கிறவள், இரண்டு நாளாக நர்ஸிடம் தண்ணீர் கூடக் கேட்காதவள், என்னைப் பார்த்ததும் முதல் வார்த்தையாக இதைச் சொல்லிவிட்டாய். சொல்லிவிட்டுச் சுவர்ப்பக்கம் திரும்பிக்கொண்டால் ஆயிற்றா? நானும் பேச வேண்டாமா? உன் பக்கம் ஒரு நியாயம் இருந்தால் என் பக்கம் ஒன்று இருக்காதா, பெருமாயி?

எனக்கு நேரம் இல்லை. வாசலில் காவலுக்கு இருக்கிற போலீஸ்காரப் பெண் டீ குடிக்கப் போயிருக்கிறாள். கால் மணி நேரம் கழித்துத்தான் வருவாள், அப்படிச் சொல்லி வைத்திருக்கிறது. பதினோரு மணிக்கு இன்ஸ்பெக்டர் வந்து உன் வாக்குமூலத்தை எழுதுவார். நீ சொல்ல வேண்டியது ஒரே வரி. தண்ணீர்க் கேன் உடைந்து தரை ஈரமாகக் கிடந்தது, வழுக்கி விழுந்தேன், சாப்பாட்டு மேசை விளிம்பு மண்டையில் இடித்தது. அவ்வளவுதான். அதைச் சொன்னால் உன் ஊர்க்காரர்கள் பதினேழு பேர் மேல் இருக்கிற கேஸையும் இல்லாமல் செய்து தருகிறேன். சொல்லாவிட்டால் என் மேல் கொலை முயற்சி. ஐம்பத்தியோரு வயதில், ஒரு எம்.பி.யின் பெண்டாட்டி, சிஸ்டர் பெனடிக்டாவிடம் பத்து வருஷம் படித்தவள், ஜெயிலில் வரிசையில் நின்று தட்டு நீட்ட வேண்டும். உனக்கு அது சந்தோஷமாக இருக்குமா? இருக்கும்போலத்தான் படுத்திருக்கிறாய்.

ஆரஞ்சு கொண்டுவந்திருக்கிறேன். உரித்துத் தரட்டுமா? வேண்டாம் என்றால் வேண்டாம்.

பனிமலைக்கு வருகிறேன். மூன்று தடவை வந்தது, உண்மைதான். அதை இங்கிலீஷில் எழுதினவள் நான். ஏன் எழுதினேன் என்று கேள். அங்கே, அந்த உயரத்தில், மூச்சு விட முடியாத குளிரில் நம் பிள்ளைகள் துப்பாக்கியோடு நிற்கிறார்கள். அவர்கள் நிற்பதால்தான் நீயும் நானும் இங்கே தூங்குகிறோம். பாராளுமன்றத்தில் பாதுகாப்புத் துறைக்குப் பணம் ஒதுக்குகிற விவாதம் அது. அதில் போய் முதல் வார்த்தையாகக் கழுகுக்கரடு என்றால் யாருக்குத் தெரியும்? நம் மாவட்டத்திலேயே பாதிப் பேருக்குத் தெரியாது.

எங்கள் வீட்டுக்காரருக்குப் பேச்சு வரும், இங்கிலீஷ் வராது. தமிழிலேயே பேசலாமே, மொழிபெயர்க்க ஆள் இருக்கிறதே என்பார். பேசலாம். காதில் மாட்டிக்கொள்கிற கருவியை எத்தனை பேர் மாட்டுகிறான்? நேராக இங்கிலீஷில் விழுந்தால்தான் தலை நிமிரும். அதனால் அவர் நீளத்தாளில் தமிழில் எழுதித் தருவார், நான் இங்கிலீஷாக்கி டைப் அடித்துக் கொடுப்பேன். முதல் தேர்தலில் ஜெயித்த நாளிலிருந்து இப்படித்தான். மேடையில் மாலை அவருக்கு, முதுகுவலி எனக்கு. நான் கணக்குச் சொல்லிக் காட்டவில்லை, சும்மா சொல்கிறேன்.

உன் ஊர்க்காரர்கள் மேலும் எனக்குக் கோபம் உண்டு, அதையும் சொல்லிவிடுகிறேன். பட்டாளம் குண்டு சுட்டுப் பழகுகிற கரடு அது. சுடுகிற நாளில் சிவப்புக் கொடி ஏற்றுகிறான், முதல் நாளே தண்டோரா போடுகிறான், பலகையில் மண்டை ஓடு வரைந்து வைத்திருக்கிறான். கொடி எப்போது இறங்கும் என்று சாக்கோடு காத்திருந்து ஏறுகிறவர்கள் யார்? சிதறின பித்தளையும் ஈயமும் பொறுக்கி எடைக்குப் போடுகிறவர்கள் யார்? மழை இல்லை, காடு விளையவில்லை, வேறு வழி இல்லை என்பீர்கள். வெடிக்காத குண்டு எது, வெறும் தகடு எது என்று தட்டிப் பார்த்துக் கண்டுபிடிக்கிற அளவுக்குத் தேர்ந்துவிட்டீர்களாம். சத்தம் கணீரென்றால் காலி, மொத்தென்றால் தொடாதே. இதை நீயே எங்கள் வீட்டுக்காரரிடம் சொன்னாயாம். உன் புருஷன் பவுன்ராசுவும் தட்டித்தான் பார்த்திருக்கிறான். வெடித்தது. அவன், அவன் தம்பி, இன்னும் இரண்டு பேர். அதில் ஒரு பெண். பெயர் நாக்கில் நிற்கிறது, வர மாட்டேன் என்கிறது. நான்தான் டைப் அடித்தேன், எழுத்து கூட ஞாபகம் இருக்கிறது. சரி, போகட்டும்.

சாவுக்கு அவர் வந்தார் அல்லவா? நாலு பேரையும் சாக்கில் கட்டிவைத்திருந்ததைப் பார்த்துவிட்டு வந்தவர் இரண்டு நாள் சோறு தின்னவில்லை. யாருடைய கை எந்தச் சாக்கில் என்று தெரியாமல் கட்டியிருந்தீர்களாம். நீ வேறு பணம் கேட்கவில்லை, வேலை கேட்கவில்லை. "நாலு பேரு பேரையும் அங்க வச்சுச் சொல்லுங்கய்யா. செத்தது நாய் இல்லன்னு அவுங்களுக்குத் தெரியட்டும்" என்றாயாம். அவரும் உன் கையைப் பிடித்துச் சத்தியம் செய்துவிட்டார். யார் கேட்டது அவரைச் சத்தியம் செய்யச் சொல்லி? அவர் கட்சிக்கு மொத்தமே மூன்று உறுப்பினர்கள். அந்த விவாதத்தில் அவர்களுக்கு விழுந்த நேரம் ஐந்தே நிமிஷம்.

அவர் எழுதிக் கொடுத்தது நாலு பக்கம். முதல் வரியே உன் புருஷன் பெயர். அடுத்து மற்றவர்கள் பெயர். இரண்டு பக்கம் கரடு, சுற்றியிருக்கிற ஏழு ஊர், வெடிக்காத குண்டுகளைப் பொறுக்கி எடுக்க ஆள் அனுப்புங்கள், பயிற்சி இடத்தை ஊரிலிருந்து தள்ளி வையுங்கள். அதற்குப் பிறகுதான் எல்லை, பனிமலை, படைவீரர் ஓய்வூதியம் எல்லாம். நான் படித்துவிட்டுத் தாளை வைத்தேன். இப்படிப் பேசினால் எதிர்வரிசை என்ன சொல்லும் தெரியுமா, பட்டாளத்துக்கு எதிரி என்று சொல்லும். தேசத்துக்கு எதிரி என்று சொல்லும். மறுநாள் பேப்பரில் அதுதான் வரும். முதலில் நாட்டோடு நில்லுங்கள், நின்றுகொண்டு ஊருக்குக் கேளுங்கள் என்றேன். சிஸ்டர் பெனடிக்டா கட்டுரைக்கு எப்படிச் சொல்லிக்கொடுத்தார்? பெரியதிலிருந்து சின்னதுக்கு வா. உலகம், நாடு, மாநிலம், கடைசியில் உன் தெரு. இருபது மாணவிகளில் எனக்குத்தான் முதல் பரிசு.

அவர் சும்மா ஒப்புக்கொள்ளவில்லை. அதையும் சொல்கிறேன், நான் மறைக்கிறவள் இல்லை. "படைவீரனுக்கும் பேசணும், பவுன்ராசுக்கும் பேசணும், வசு. ரெண்டும் என் வேலைதான். ஆனா படைவீரனுக்குப் பேச அங்க ஐந்நூறு பேர் இருக்கான். பவுன்ராசுக்கு நான் ஒருத்தன்தான்" என்றார். நன்றாகத்தான் இருக்கிறது கேட்பதற்கு. ஓட்டுக் கேட்கும்போது சொல்லலாம். நான் பக்கத்தைத் திருப்பி அடுக்கினேன். நாடு முன்னால், கரடு பின்னால்.

"அதுக்குள்ள மணி அடிச்சுட்டா?" என்றார்.

அடிக்காது, நேரம் பார்த்துவிட்டேன் என்றேன். பார்த்தேன்தான். அடுப்படிக் கடிகாரத்தை எதிரில் வைத்துக்கொண்டு நாலு பக்கத்தையும் வாய்விட்டு வாசித்தேன். நாலு நிமிஷம் ஐம்பது வினாடி. பத்து வினாடி மிச்சம்.

அவர் அதே பக்கங்களை எவ்வளவு நேரம் வாசித்தார் என்று நீயே பார்த்தாய், ஊர் முழுக்க செல்போனில் பார்த்தது. ஒவ்வொரு இங்கிலீஷ் வார்த்தையையும் வரப்பில் நடக்கிறவர்போலக் கால் வைத்து வைத்துப் போகிறார். போதாக்குறைக்கு இரண்டாம் பக்கத்தில் எவனோ எழுந்து குறுக்கே கத்தினான், அவனுக்குப் பதில் சொல்லி அரை நிமிஷம். மணி அடித்தது. அவர் தாளைத் திருப்பினார். மறுபடியும் மணி. அவைத்தலைவர் அடுத்தவர் பெயரைக் கூப்பிட்டுவிட்டார், மைக் அங்கே போய்விட்டது. வாய் அசைவது தெரிகிறது, சத்தம் இல்லை. மீதி இரண்டு பக்கத்தையும் கையில் பிடித்துக்கொண்டு அப்படியே நின்றார். பிறகு ஊழியரிடம் கொடுத்துவிட்டு உட்கார்ந்தார். பேச நேரமில்லாததை எழுத்தாகக் கொடுத்தால் அவைக் குறிப்பில் ஏற்றிக்கொள்வார்கள். அது அங்கே வழக்கம். அச்சில் வந்துவிடும். நூறு வருஷம் கழித்துப் பார்த்தாலும் உன் புருஷன் பெயர் அங்கே இருக்கும். சொன்னதற்கும் கொடுத்ததற்கும் சட்டப்படி வித்தியாசமே இல்லை. இதை உங்களுக்கு யார் புரியவைப்பது?

டிவிக்காரர்கள் கேட்டபோது அவர் என்ன சொன்னார் என்று கேட்டாயா? "பக்கத்தின் வரிசை என் முடிவு. தப்பு என்னுடையது." அவரே சொல்லிவிட்டார். அவர் வாயாலேயே. பிறகு என்னிடம் எதற்கு வருகிறீர்கள்?

வந்தீர்கள். இரண்டு டிராக்டர் நிறைய வந்தீர்கள், காலை பத்து மணிக்கு. நான் தோசை ஊற்றிக்கொண்டிருந்தேன். முதல் கல் ஜன்னலில், இரண்டாவது கல் காரில். கார் எரிகிற நாற்றம் எப்படி இருக்கும் என்று எனக்கு அன்றைக்குத்தான் தெரிந்தது. பூந்தொட்டிகளைத் தூக்கித் தூக்கிக் கண்ணாடிக் கதவில் அடித்தார்கள். டிவியைச் சுவரிலிருந்து பிடுங்கினார்கள். ஃபிரிட்ஜைக் குப்புறத் தள்ளி அதன்மேல் ஏறி மிதித்தான் ஒருவன், நரை மீசை வைத்தவன், தேர்தலின்போது எங்கள் வீட்டில் விருந்து சாப்பிட்டவன்.

ஆபீஸ் அறையில் ரத்தினம் இருந்தார். எங்கள் வீட்டுக்காரருக்குப் பன்னிரண்டு வருஷமாகக் கடிதம் எழுதுகிறவர், ஒரு ஈயை அடித்திருக்கமாட்டார். அவரைச் சட்டையைப் பிடித்து இழுத்துவந்து கூடத்தில் மண்டி போட வைத்தார்கள். இரும்புக் குழாய் வைத்திருந்தவன் சொன்னான், "செத்தவங்க நாலு பேரு. பேரச் சொல்லு." ரத்தினம் உன் புருஷன் பெயரைச் சொன்னார். அவன் தம்பி பெயரைச் சொன்னார். அதற்கு மேல் தெரியவில்லை. மூன்றாவது பெயருக்கு வலது கையில் ஒன்று. நாலாவது பெயருக்கு அதே கையில் ஒன்று. எலும்பு ஒடிகிற சத்தம் அடுப்படி வரைக்கும் கேட்டது, முருங்கைக்காயை ஒடிக்கிற மாதிரி. இரண்டு பெயர் தெரியாதது ஒரு குற்றமா? கையை ஒடிக்கிற குற்றமா? அந்த வலியில் அவர் உளறிவிட்டார். அம்மாதான் எழுதுவாங்க, பக்கத்தை அம்மாதான் மாத்துனாங்க என்று. வலியில் மனிதன் எதைத்தான் சொல்லமாட்டான்?

நீ மட்டும் ஒன்றையும் உடைக்கவில்லை. அதை நான் ஒப்புக்கொள்கிறேன், வக்கீலிடமும் சொல்லியிருக்கிறேன். நீ நேராகச் சாப்பாட்டு அறைக்கு வந்தாய். இடுப்பில் பிள்ளையை வைத்திருக்கிற மாதிரி ஒரு லுங்கி மூட்டை. அவிழ்த்து மேசைமேல் வைத்தாய். துருப்பிடித்த குண்டு, பூசணிப் பிஞ்சு அளவு. மேசையில் கிடந்தது நான் என் கையால் பின்னின லேஸ் விரிப்பு. அதன் நடுவில் வைத்தாய்.

"பேச நேரமில்லன்னா எழுதிக் குடுத்துரலாமாமே. எங்களுக்கு எழுதத் தெரியாதும்மா. இத வாங்கி வச்சுக்குங்க."

நீ கத்தவில்லை. கத்தியிருந்தால் எனக்குச் சுலபமாக இருந்திருக்கும். காய்கறி கொண்டுவந்து வைக்கிறவள்போலச் சொன்னாய். உள்ளே வெறும் மண்தான் இருந்தது என்று போலீஸ் பிறகு சொல்கிறது. எனக்கு எப்படித் தெரியும்? நான் என்ன தட்டிப் பார்த்துப் பழகினவளா? வீட்டுக்குள் குண்டு இருக்கிறது, வெளியே கார் எரிகிறது, கூடத்தில் ஒரு மனிதன் பன்றி மாதிரி அலறுகிறான். அடுப்பில் தோசைக்கல் இருந்தது. கைப்பிடி வைத்த இரும்புக்கல். எடுத்தேன். சூடு, என் உள்ளங்கையும் கொப்பளித்துவிட்டது, பார், இன்னும் கட்டுப் போட்டிருக்கிறேன். அடித்தேன். பயத்தில் அடித்தேன்.

வக்கீல் பொறுமையாகத்தான் கேட்டார். "ஒரு அடின்னா தற்காப்பும்மா, நான் நின்னு பேசுவேன். அதுக்கு மேலன்னா என்கிட்ட சொல்லாதீங்க." ஒரு அடி என்று எழுதிக் கொடுத்தேன். எங்கள் வீட்டுக்காரரிடமும் ஒரு அடி என்றுதான் சொன்னேன்.

நீ ஏன் விழவில்லை, பெருமாயி? ஒரு அடி அடித்தால் மனிதர்கள் விழ வேண்டாமா? மேசையைப் பிடித்துக்கொண்டு நின்றாய். நெற்றியிலிருந்து ரத்தம் கண்ணுக்குள் இறங்குகிறது, அதைத் துடைக்கக்கூட இல்லை. என்னைப் பார்த்தாய். பார்த்துவிட்டுக் கேட்டாய்.

"எங்க ஆளுக பேரு எந்தப் பக்கத்துல இருந்துச்சும்மா?"

மூன்றாவது பக்கம் என்று சொல்லியிருக்கலாம். மூன்றாவது பக்கம், முதல் வரி. எனக்குத் தெரியும். நாக்கு நுனியில் இருந்தது. ஒரு வார்த்தை, சொல்லிவிட்டுப் போயிருக்கலாம். ஆனால் அந்தக் கேள்வியை நீ கேட்டிருக்கக் கூடாது. கல்யாணமாகி இருபத்தெட்டு வருஷத்தில் என்னிடம் யாரும் அப்படிக் கேட்டதில்லை. அவர் கேட்டதில்லை. இரண்டாவது அடி அதற்குத்தான். அப்போதுதான் விழுந்தாய். விழுந்தவள் கண்ணை மூடியிருக்க வேண்டாமா? தரையில் கிடந்து பார்த்துக்கொண்டே இருந்தாய். நான் குனிந்து...

குனிந்தேன். கை அதுவாக இறங்கியது. இங்கே, காதுக்கு மேல், தையல் அதிகம் போட்டிருக்கிற இடத்தில். அறையில் நீயும் நானும்தான். உன் ஊர்க்காரர்கள் எல்லாம் கூடத்தில் ரத்தினத்தை மிதித்துக்கொண்டிருந்தார்கள்.

அழுகிறாயா? இல்லை. நான்தான் மூக்கை உறிஞ்சுகிறேன். இந்த வார்டில் ஃபினாயில் நாற்றம் தாங்கவில்லை.

அவர் டெல்லியிலிருந்து போன் செய்தார். எனக்கு என்ன ஆயிற்று என்று கேட்பார் என்று நினைத்தேன். "அந்தம்மா உயிரோட இருக்கா?" என்றார். இருக்கிறாள் என்றேன். "நாளைக்கு வரேன். நேரா ஆஸ்பத்திரிக்குப் போயிட்டு வீட்டுக்கு வரேன்" என்றார். நாளைக்கு என்றால் இன்றைக்கு. பன்னிரண்டு மணி விமானம்.

வராந்தாவில் பூட்ஸ் சத்தம் கேட்கிறது. உன் காவல்காரி வந்துவிட்டாள் போலிருக்கிறது.

சரி, கேஸ் கிடக்கட்டும். இன்ஸ்பெக்டரிடம் நீ என்ன வேண்டுமானாலும் சொல்லிக்கொள். வழுக்கி விழவில்லை, இவள்தான் அடித்தாள் என்று சொல்ல வேண்டுமா, சொல். கோர்ட்டில் நான் பார்த்துக்கொள்கிறேன். தட்டு நீட்டச் சொன்னால் நீட்டுகிறேன். ஆனால் அவர் வந்து இந்த ஸ்டூலில்தான் உட்காருவார். உன் கையைப் பிடித்துக்கொள்வார், அவருக்கு அது பழக்கம். எத்தனை அடி என்று கேட்பார். அவரிடம் மட்டும் ஒன்று என்று சொல்லு. முதல் அடியோடு விழுந்துவிட்டேன், மற்றது ஞாபகம் இல்லை என்று சொல்லு. நீ கேட்ட கேள்வியையும் சொல்லாதே. அவர் பொறுத்துக்கொள்ளக்கூடியது ஒன்றுதான். எனக்குத் தெரியும், அவரோடு குடும்பம் நடத்தினவள் நான்.

சொல்லமாட்டாய்தானே? வாய் திறக்க வேண்டாம். இந்தப் பக்கம் திரும்பித் தலையை மட்டும் ஆட்டு. பெருமாயி, உன்னைத்தான். கொஞ்சம் இந்தப் பக்கம் திரும்பேன்.